நான்காம் மையத்தின் வெள்ளிக்கிழமைகள்

ஜூன் 3, திங்கள்

நான்காம் மையம் பொய் சொல்கிறது.

இதை ஊகமாக எழுதவில்லை. ஒரு மருந்து ஆய்வு: பதினொரு மருத்துவமனைகள், ஒவ்வொன்றும் ஒரு மையம், முந்நூறு பெண்கள், எல்லோருக்கும் மார்பகப் புற்றுநோய். பாதிப் பேருக்குப் பழைய மருந்து, வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுவது. மீதிப் பேருக்குப் புது மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஏற்றுவது. பதினெட்டு வாரமும் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு வாரம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வாந்தி, வாய்ப்புண், தூக்கமின்மை, கை கால் மரத்துப்போவது. இல்லை என்றால் சைபர். தாங்க முடியவில்லை என்றால் நான்கு. டாக்டர் என்ன நினைக்கிறார் என்பது இங்கே கணக்கில்லை, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பதுதான் கணக்கு. ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் மூன்றோ நான்கோ சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்பது பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது, சின்ன எழுத்தில்.

இந்த முந்நூறு பேரின் பதில்களையும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, எந்த மருந்து எவ்வளவு படுத்துகிறது என்று இரண்டு குழுவையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவது என் வேலை.

மற்ற பத்து மையங்களிலும் ஓட்டை இருக்கிறது. ஒருத்தி ஏழாம் வாரம் வரவில்லை. ஒருத்தி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். ஒருத்தி செத்துப்போனாள். திரையில் அந்தக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. நான்காம் மையத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்கூட இல்லை. நாற்பத்தாறு பெண்கள், பதினெட்டு வாரம், எண்ணூற்று இருபத்தெட்டு படிவம், எல்லாம் முழுசு. அதிலும் புது மருந்து வாங்கிய இருபத்துமூன்று பேருக்கு, மரத்துப்போகும் கேள்வியில் ஆரம்பத்தில் இரண்டு வாரம் ஏதோ எண்கள், அப்புறம் சைபர், சைபர், சைபர். யாரோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நோகாமல் நிரப்பியிருக்கிறான்.

காற்றுக்கு ஜன்னல் அடித்துக்கொள்கிறது. பரிசாக வந்த கேடயத்தை முட்டுக் கொடுத்து வைத்தேன். தண்ணீர் கேன்காரர் இன்றும் வரவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

கேன் வந்தது. நான்காம் மையத்தைத் திறக்கவில்லை. ஒன்பதாம் மையத்துக்கு வரைபடம் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

அபுதாகிர் என் எண்களைச் சரிபார்ப்பவன். நான் எழுதிய கணினி நிரலைப் பார்க்காமல் அவன் தனியாக ஒன்று எழுதி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அதுதான் முறை. இன்று ஒத்துப்போனது, கடைசிப் புள்ளி வரை. இரண்டு பேர் தனித்தனியாக உழைத்து ஒரே பொய்யைக் கண்டுபிடித்தோம்.

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“மச்சி, அந்த நாலாம் நம்பர் சைட்டப் பாத்தியா? ஒரு ஃபார்ம் மிஸ்ஸாகல. எவன்டா அந்தக் கோஆர்டினேட்டர்? அவனுக்குச் சிலை வைக்கணும்.”

“ம்.”

“உங்க ஊர்ப் பக்கம்தான? திருநெல்வேலிக்காரனுங்க இவ்ளோ ஒழுங்கா? உன்னப் பாத்தா அப்படித் தெரியலயே. மூணு நாளா டேபிள்ல ஒரு டிபன் பாக்ஸ் கழுவாமக் கெடக்கு.”

“நாளைக்குக் கழுவுறேன்டா.”

“தெரிஞ்சவனா?”

“யாரு?”

“அந்தக் கோஆர்டினேட்டர்.”

“இல்ல” என்றேன்.

சாம்பார் சாதம் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் புள்ளியியல் குழுவின் தலைவர் மீனலோசனி மேடம் அட்டவணையைப் பார்த்தார். கடுமையாக மரத்துப்போனது என்று ஒருமுறையாவது சொன்னவர்கள்: புது மருந்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு, பழைய மருந்தில் நூற்றுக்கு இருபத்தேழு. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்கிறது மென்பொருள்.

“சுத்தமா இருக்கு கோயில்ராஜ்” என்றார். “மரத்துப்போறதுல ரெண்டு மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. மருந்துக் கம்பெனிக்கு இந்த ஒரு வரிதான் வேணும்.”

அந்த வரி நாளைக்கு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் அச்சாகும். அதைப் பார்த்து டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், பஸ் செலவு மிச்சம், பக்கவிளைவும் கூடுதல் இல்லை.

மதியத்துக்கு மேல் போனை அணைத்து மேஜைக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் இப்படித்தான். இரண்டு வருடமாக.

ஜூன் 9, ஞாயிறு

ஐந்து சட்டை துவைத்தேன். மாடியில் கொடி காலியாக இல்லை. கீழ்வீட்டுக்காரரின் போர்வையை ஓரமாகத் தள்ளிக் காயப்போட்டேன். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை கோழி. போகவில்லை.

மூன்றாம் தேதி எழுதியதைப் படித்தேன். ‘யாரோ’ என்று எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டில், வேறு யாரும் தொடாத நோட்டில், யாரோ.

நான்தான்.

புள்ளியியல் படித்து முடித்ததும் ஓர் ஏஜென்சி என்னை அந்த மருத்துவமனையில் ஒருங்கிணைப்பாளனாகப் போட்டது. பதினான்கு மாதம். நாற்பத்தாறு பெண்களுக்கு நான் ஒருத்தன். பழைய மருந்து வாங்கியவர்கள் வாரா வாரம் வருவார்கள். பாட்டிலில் மருந்து இறங்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். அந்தப் படிவங்கள் உண்மை. புது மருந்து வாங்கியவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். இடையில் உள்ள வாரங்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் போன் செய்து கேட்க வேண்டும்.

பாதிப் போன்கள் புருஷன்மார் சட்டைப்பையில் இருந்தன. எடுத்தால் “அவ வயலுக்குப் போயிருக்கா, எதுக்கு?” மீதிப் பாதியில் ஒரு கேள்விக்குப் பதில் வர இருபது நிமிஷம். மகனின் பரீட்சை, மாமியாரின் வாய், ரேஷன் அரிசி, எல்லாம் வந்த பிறகுதான் கை கால் பேச்சு வரும். ஒவ்வொருத்தருக்கும் முதல் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு போன வாரப் படிவத்தைப் பார்த்து இந்த வாரப் படிவத்தை நிரப்பினேன், மரத்துப்போகும் கேள்விக்கு மட்டும் எல்லோருக்கும் சைபர். கேன்டீன் டீ ஆறுவதற்குள் இருபத்துமூன்றும் முடிந்துவிடும்.

மருந்து ஏற்றிய பத்து நாளுக்குள்தான் மரத்துப்போவது உச்சத்தில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளில்தான் நான் கேட்கவில்லை. அவர்கள் நேரில் வரும் நாளில் வெளியே எண்பது பேர் காத்திருப்பார்கள். “போன தடவ மாதிரிதானக்கா?” என்று கேட்பேன். தலையாட்டுவார்கள். பேனா கையில் இருப்பவனிடம் வேறு என்ன சொல்வார்கள்?

மருந்துக் கம்பெனியிலிருந்து சோதிக்க வந்தவர் படிவங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். ஒரு படிவமும் விடுபடாத மையம் என்று கேடயம் கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் சென்னையில் இந்த நாற்காலியை வாங்கினேன். ஏஜென்சியின் ஆள் பட்டியலையும் இந்த அலுவலகத்தின் ஆள் பட்டியலையும் சேர்த்து வைத்து, இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மழை தூறுகிறது. சட்டைகளை எடுக்கப் போகவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: நான்காம் மையத்தைத் தவிர. இரண்டு விநாடி.

புது மருந்து, நூற்றுக்கு முப்பத்தேழு. பழைய மருந்து, நூற்றுக்கு இருபத்தைந்து. தற்செயல் என்று இனித் தள்ள முடியாது.

அந்த வரியை அழித்தேன். பிறகு எழுதினேன். பிறகு அழித்தேன்.

ஜூன் 13, வியாழன்

“மேடம், நாலாம் சைட்ட விட்டுட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?”

“ஏன்? பிளான்ல இருக்கா?”

“இல்ல. சும்மா, செக் பண்றதுக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ரிசல்ட்டப் பாத்த பிறகு பிடிக்காத சைட்டத் தூக்கறதுக்கு என்ன பேருன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?”

“இல்ல மேடம்.”

“உனக்கு ஏதாவது தெரிஞ்சா எழுதிக் குடு. இன்னார் இன்னது பண்ணினாங்கன்னு, பேரோட. நான் மேல அனுப்பறேன். சும்மாங்கறதுக்கெல்லாம் நான் டேட்டாவத் தொட மாட்டேன். தெரியுமா, தெரியாதா?”

அவர் கேட்டது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

“தெரியாது மேடம்.”

ஜூன் 16, ஞாயிறு

ஊருக்கு வந்தேன். வீட்டில் லீவு என்று சொன்னேன். ஆலங்குளத்தில் இறங்கி ஒரு மினி பஸ் பிடித்து 04-017 வீட்டுக்குப் போனேன். கணினியில் அவர் வெறும் எண். அந்த எண்ணை அவர் ஃபைலில் எழுதியவன் நான் என்பதால் எனக்குப் பெயர் தெரியும். பிரம்மசக்தி, நாற்பத்தாறு வயது, பீடி சுற்றுபவர். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத மாட்டேன். ஒரு ஆளைச் சரிபார்க்கலாம் என்று போனேன்.

தெருவில் நிழல் விழுந்த பக்கம் முழுக்கப் பெண்கள் மடியில் முறம் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய முறம் ஆணியில் தொங்கியது. அதன்மேல் ஒரு குடை.

“யாரு, வெள்ளிக்கெழம தம்பியா? வாங்க, வாங்க. என்ன இப்படி எளைச்சுப் போயிட்டிய?”

“நல்லா இருக்கியளாக்கா?”

“எனக்கென்ன. கட்டி போயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. முடியும் வந்துட்டு, பாத்தியளா? சுருட்டையா மொளைச்சிருக்கு. பியூட்டி பார்லருக்குப் போனியான்னு எம் மவ கேலி பண்ணுதா.”

காப்பி கொண்டுவந்தார். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நடந்து வந்தார்.

“கை எப்படி இருக்குக்கா?”

“கை இருக்கு. அதுல வெரலு இருக்கான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும்.”

பக்கத்து வாசலில் இலை வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: “அவ அடுப்புல இருந்து தோசைக்கல்ல வெறுங்கையால தூக்குவா தம்பி. பெரிய சர்க்கஸ்காரில்லா.”

“நீ சும்மா கெட. போன மாசம் பாத்துக்கிடுங்க, செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல. பஸ் ஸ்டாப்புல இருந்து வீடு வரைக்கும் ஒத்தச் செருப்போட வந்திருக்கேன். எல்லாரும் சிரிக்காவ, நானும் சேந்து சிரிக்கேன், எதுக்குச் சிரிக்காவன்னு தெரியாம.”

“பீடி?”

“பீடியச் சுத்தி அந்த வாய மடக்கணும்லா, அதுக்கு வெரல் நுனியில உணர்ச்சி வேணும். நாளைக்கு ஆயிரம் சுத்துன கை. இப்ப எல எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்கு.”

நான் காப்பியைக் குடித்தேன். சூடு போதவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்காது.

பிறகு அவர் எழுந்து பீரோவின் பின்னாலிருந்து ஒரு பழைய மாதக் காலண்டரை எடுத்து வந்தார். “நீங்கதான் சொன்னிய, போன் பண்ணும்போது மறந்துரக் கூடாது, வாரா வாரம் குறிச்சு வைங்கன்னு. ஒண்ணும் இல்லன்னா சும்மா விடுங்க, தாங்க முடியலன்னா நாலு கோடுன்னு.”

வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் பேனாக் கோடுகள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு கோடு. ஐந்தாம் வாரம் இரண்டு. ஆறாம் வாரம் மூன்று. ஏழாம் வாரம் மூன்று. ஒன்பதிலிருந்து நான்கு நான்காக. ஆரம்பத்தில் நேராக இருந்த கோடுகள் போகப் போக வளைந்து பக்கத்துச் சனிக்கிழமைக்குள் போகின்றன. பதினான்காம் வாரத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.

“ரெண்டு வாரம் பேசினிய. பொறவு போனே வரல. வெள்ளிக்கெழமயானா சார்ஜ் போட்டு மடியிலயே வச்சிருப்பேன். சரி, அவியளுக்கு மெஷின்ல பாத்தாலே தெரிஞ்சிரும் போலன்னு நெனச்சேன்.”

நான் காலண்டரைப் போட்டோ எடுத்தேன்.

“இதெல்லாம் உங்க பேப்பர்ல ஏறியிருக்கும்லா தம்பி?”

“ம்.”

“நா சொன்னதா அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ படிச்சுக் காட்டணும். எனக்குப் படிக்க வராது. எம் மவ கேக்கா, நீ டாக்டர்ட்ட ஒழுங்கா சொன்னியா, வாய மூடிக்கிட்டு இருந்தியான்னு. அவகிட்டக் காட்டணும்.”

“இப்பக் கையில இல்லக்கா. மெட்ராஸ் போயிட்டு போன் பண்ணுதேன்.”

“வெள்ளிக்கெழமயா?” என்று கேட்டுச் சிரித்தார்.

“வெள்ளிக்கெழம.”

ஜூன் 18, செவ்வாய்

டிபன் பாக்ஸைக் கழுவினேன்.

ஆய்வுத் திட்டத்தின் பதினான்காம் பக்கம். பிரம்மசக்தியின் காலண்டரில் ஆறாம் வாரம் மூன்று, ஏழாம் வாரம் மூன்று. விதிப்படி அடுத்த தடவை அளவைக் குறைத்திருக்க வேண்டும். என் படிவத்தில் சைபர், சைபர். டாக்டர் என் படிவத்தைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை முழு அளவும் ஏற்றினார்கள். பத்தாம் வாரம், பதின்மூன்றாம் வாரம், பதினாறாம் வாரம்.

அட்டவணையைப் பற்றித்தான் இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் விரல்களைக் கெடுத்தது நான். மற்ற இருபத்திரண்டு பேர் வீட்டிலும் முறம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 19, புதன்

கடிதம் எழுதினேன். ஆட்பற்றாக்குறை என்று எழுதினேன். ஏஜென்சி ஒருத்தனை வைத்து மூன்று பேர் வேலை வாங்கியது என்று எழுதினேன். சோதிக்க வந்தவர் ஒரு பெண்ணுக்குக்கூடப் போன் போட்டுப் பார்க்கவில்லை என்று எழுதினேன். இலவச மருந்து என்று சொன்னால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடும் பெண்களாகப் பார்த்துத்தான் இந்த ஆய்வுகள் எங்கள் ஊர்ப் பக்கம் வருகின்றன என்று எழுதினேன். எல்லாம் உண்மை. இரண்டு பக்கம் ஆகிவிட்டது. தேடிப் பார்த்தேன், என் பெயர் கடைசி வரியில் ‘இப்படிக்கு’ என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

கிழித்தேன். மறுபடி எழுதியதில் ஏழு வரி. முதல் சொல் நான்.

ஜூன் 20, வியாழன்

கடிதத்தையும் காலண்டர் படத்தையும் மேடத்திடம் கொடுத்தேன். மூன்று கோரிக்கை: நான்காம் மையத்தின் அந்தப் படிவங்களை நீக்க வேண்டும். இருபத்துமூன்று பெண்களையும் கூப்பிட்டுக் கை கால்களைப் பரிசோதிக்க வேண்டும். நடந்ததை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

மேடம் இரண்டு முறை படித்தார்.

“நீயா?”

“ஆமா மேடம்.”

“போன வாரம் இதே எடத்துல நின்னு தெரியாதுன்னு சொன்னே.”

“ஆமா.”

“உக்காரு” என்று சொல்ல வந்தவர் போல நாற்காலியைப் பார்த்தார். சொல்லவில்லை. “மேல அனுப்பறேன். போ.”

மூன்று மணிக்கு என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. நாலரைக்கு மனிதவளத் துறையிலிருந்து என் சொந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல்: உள்விசாரணை நடைபெறும், அதுவரை அலுவலகம் வர வேண்டாம், மருந்து ஆய்வின் அறிக்கை முன்பே குறித்த தேதியில் அனுப்பப்படும். பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதில் போட்டுக் கேட்டேன். மறுபடி கேட்டேன்.

பையை எடுக்கும்போது அபுதாகிர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “சிலை வைக்கணும்னு சொன்னேன்ல. நீயும் கேட்டுட்டு உக்காந்திருந்தல்ல?”



ஜூன் 21, வெள்ளி

மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. கேடயத்தை ஜன்னலிலிருந்து எடுத்தேன். ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது, திருப்பி வைத்தேன்.

பிரம்மசக்தியைக் காலையில் கூப்பிடுவதாக இருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். மெஸ்ஸில் தட்டை நானே கழுவி வைத்தேன், யாரும் சொல்லவில்லை. மூன்று மணி ஆனது.

அவரே கூப்பிட்டார். இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாம் முறை எடுத்தேன்.

“தம்பி, வெள்ளிக்கெழமன்னு சொன்னியள்லா. காலைலயே சார்ஜ் போட்டு வச்சிட்டேன். எம் மவளும் வேலைக்குப் போவாம இருக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கோம். பேப்பர் கையில இருக்கா?”

“இருக்குக்கா.”

இல்லை. கணினியை முடக்கிவிட்டார்கள். பேப்பர் தேவையும் இல்லை. முதல் வாரம் சைபர். இரண்டாம் வாரம் ஒன்று. அதற்குப் பிறகு பதினாறு சைபர். எனக்கு மனப்பாடம்.

“அப்பம் மொத வாரத்துல இருந்து படிங்க.”

போனுக்குள் பக்கத்து வாசல் கத்தரி இலை வெட்டும் சத்தம் கேட்டது. மகள் ஏதோ சொன்னாள், “பொறு, தேடுதாரு” என்று இவர் அடக்கினார். நான் வாயைத் திறந்தேன்.

“தம்பி? லைன்ல இருக்கியளா?”

கத்தரி நின்றது.

“நா என்ன சொன்னேன்னு படிங்க.”